தோற்றவர் மட்டுமே வரும் இடம்

அன்புள்ள ஐயா,

என் நிறுவனம் நொடித்துப்போனது. முதலீட்டாளர்கள் தொடுத்த வழக்கில், நான் எடுத்த முடிவுகள் எல்லாமே 'பேராசை' என்று தீர்ப்பில் எழுதிவிட்டார்கள். அன்றைக்கு ஒருவர்கூட எதிர்க்கவில்லை. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உறுதியாக இருக்கும் நீதிபதிக்கு, ரிஸ்க் எடுப்பவன் சூதாடியாகத்தானே தெரிவான்? இது பாரபட்சம் இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாரபட்சமாக இருக்கலாம். ஆனால் சம்பளத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு தொழிலதிபரையே அந்த நாற்காலியில் உட்காரவைத்தாலும் பெரும்பாலும் இதுதான் நடக்கும். விளைவு தெரிந்துவிட்டால், 'இது முன்பே தெரிந்திருக்க வேண்டாமா' என்றுதான் யாருக்கும் தோன்றும்.

1995இல் காமின், ராக்லின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளத்தைத் தடுக்க ஒரு நகரம் செலவு செய்திருக்க வேண்டுமா என்பது கேள்வி. வெள்ளத்துக்கு முந்தைய நிலையில் யோசித்தவர்களில் 24 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். வெள்ளம் வந்துவிட்டது என்று தெரிந்தவர்களிடம் அது 57 சதவீதம். பின்புத்தியை ஒதுக்கிவிட்டு யோசியுங்கள் என்று சொல்லிப் பார்த்தும் பலனில்லை. நீதிபதிகள் பழகியவர்கள், அவர்களுக்கு இது வராது என்பீர்களா? 2001இல் அமெரிக்க மாஜிஸ்திரேட் நீதிபதிகள் 167 பேரிடம் நடத்திய ஆய்வில் அவர்களும் தப்பவில்லை.

இன்னொன்று: உங்களைப் போலவே துணிந்து ஜெயித்தவர் மீது யாரும் வழக்குப் போடுவதில்லை. அவருக்கு விருது கொடுப்பார்கள். ஆக, நீதிபதி தன் வாழ்நாளெல்லாம் பார்ப்பது தோற்ற துணிச்சலை மட்டுமே.

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. நிர்வாகிகள் நல்லெண்ணத்தோடு விசாரித்து எடுத்த முடிவு நஷ்டத்தில் முடிந்தாலும், அதில் தலையிட பல நாட்டு நீதிமன்றங்கள் தயங்கும். முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்றுதான் பார்க்க வேண்டும் என்பது கொள்கை. அதிலும் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். அமெரிக்காவின் டெலவேர் மாநில உச்ச நீதிமன்றம் 1985இல் டிரான்ஸ் யூனியன் என்ற நிறுவனத்தின் இயக்குநர்கள் கடமை தவறியதாகத் தீர்ப்பளித்தது. அவர்கள் சந்தை விலையைவிட நன்றாகவே அதிகமான விலைக்குத்தான் நிறுவனத்தை விற்க ஒப்புக்கொண்டிருந்தார்கள்! ஆனால் மதிப்பீட்டு அறிக்கை எதுவும் இல்லாமல், இரண்டு மணி நேரக் கூட்டத்தில் முடித்துவிட்டார்கள். நிர்வாகிகள் அலறியதில், அடுத்த ஆண்டே அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்தியது.

அதனால் 'ஒருவர்கூட எதிர்க்கவில்லை' என்று நீங்கள் சொல்வது என்னைச் சமாதானப்படுத்தவில்லை. என்ன ரிஸ்க் என்று அவர்களுக்குச் சொன்னீர்களா? சொந்தப் பணத்தோடு விளையாடுவது வேறு, அடுத்தவர் பணத்தை வைத்துக்கொண்டு துணிவது வேறு. இரண்டாவதில் நீதிபதி கறாராக இருப்பதை நான் குறையாகவே நினைக்கவில்லை. அதே சமயம், எந்தத் தகவலை நீங்கள் புறக்கணித்தீர்கள் என்று சொல்லாமல் 'பேராசை' என்று மட்டும் எழுதியிருந்தால், அது சோம்பேறித்தனமான தீர்ப்பு.

மேல்முறையீட்டுக்குப் போவதானால் நீதிபதியின் மனநிலையைப் பற்றி வாதாட வேண்டாம், எடுபடாது. முடிவெடுத்த அன்று உங்கள் கையில் இருந்த கணக்குகள், கூட்டக் குறிப்புகள், கடிதங்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வக்கீலிடம் கொடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், அதையும் அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.