15 ஆண்டு ஓடிய காரை ஒரு லட்சத்துக்கு வாங்கினால் பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகுமா?

புதுச்சேரியில் 15 ஆண்டுப் பழைய பெட்ரோல் கார் ஒன்று ஒரு லட்சம் ரூபாய்க்கு வருகிறது, என்னென்ன கோளாறு வரும், செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். இது உங்கள் முதல் கார் என்றும், 'இன்னும் கொஞ்சம் கடன் போட்டுப் புதிதாகவே எடுத்தால் என்ன' என்று வீட்டில் ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றும் நானாகவே ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் அல்லன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருபவன். 2021 இல், மூன்றாவது ஓனராக, 78,000 கிலோமீட்டர் ஓடிய 2009 மாடல் சிறிய கார் ஒன்றை 1,10,000 ரூபாய்க்கு வாங்கினேன். எந்த நிறுவனத்தின் கார் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், தவிர நடந்ததில் அந்த நிறுவனத்தின் தவறு ஏதும் இல்லை.

முதல் எட்டு மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. வெப்பத்தைக் காட்டும் முள் எப்போதும் பாதிக்கு வெகு கீழேயே நின்றது. 'எவ்வளவு குளிர்ச்சியான இன்ஜின் பார்' என்று என் மனைவியின் தம்பியிடம் பெருமை வேறு பேசினேன். இன்ஜின் தக்க சூட்டுக்கு வரும்வரை கூலண்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை) ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை எனக்கு முன்பு வைத்திருந்த யாரோ கழற்றிவிட்டார்கள் என்பதும், சாவியைத் திருப்பியவுடனே ஓடும்படி ரேடியேட்டர் ஃபேனுக்கு நேரடியாக ஒயர் இழுத்திருந்தார்கள் என்பதும் பின்னால்தான் தெரிந்தன. நம் ஊர் வெயிலுக்கு இது நல்லது என்று நம்பிச் செய்கிற மெக்கானிக்குகளும் உண்டு என்பதால் எல்லாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் சூடேறுகிற ஒரு காரை விற்கும் நாள்வரை குளிர்ச்சியாகக் காட்டுவதற்கு இந்த இரண்டு வேலையும் போதும்.

வாராவாரம் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தது. நானும் வாராவாரம் வீட்டு போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன்.

2022 அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் மாலை, அரியாங்குப்பம் பாலத்தருகே வண்டிகள் நகராமல் நின்றபோது முள் ஏறத் தொடங்கி, பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி அரை மணி நேரம் காத்திருந்து, இரண்டு பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு, எப்படியும் வீடு சேர்ந்துவிடலாம் என்று கடலூர்வரை ஓட்டிக்கொண்டு வந்தேன். அன்று அங்கேயே நிறுத்தி, வண்டியைக் கட்டி இழுத்து வந்திருந்தால் செலவு ரேடியேட்டரோடு முடிந்திருக்கும். மறுநாள் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் பால் கலந்த டீயைப் போல இருந்தது. இன்ஜினுக்கும் அதன் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய், தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டன.

திருப்பாதிரிப்புலியூரில் ரேடியேட்டரைக் கழற்றிய மெக்கானிக், உள்ளே இருந்த செம்மண் நிறச் சேற்றையும் உப்புப் படிவையும் காட்டி, "எந்தத் தண்ணி சார் ஊத்தினீங்க?" என்றார்.

"வீட்டு போர் தண்ணிதான்."

"அதுல டீ போட்டுக் குடிப்பீங்களா?"

குடிக்க மாட்டோம், அதற்குக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ரேடியேட்டருக்கு 4,800 ரூபாயும், சூட்டில் வளைந்த சிலிண்டர் ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமன்செய்து, கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 16,500 ரூபாயும் ஆயின. கூலண்ட் வெறும் பச்சைச் சாயத் தண்ணீர் அன்று, துருவைத் தடுக்கும் மருந்து அதில் இருக்கிறது என்பது இருபத்தோராயிரத்து முந்நூறு ரூபாய் கொடுத்து நான் கற்றுக்கொண்ட பாடம்.

கடற்கரை ஊர்க் காரில் கிலோமீட்டரைப் பார்ப்பதற்கு முன்பு உப்பும் தண்ணீரும் செய்த வேலையைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இந்த அனுபவத்தால்தான். என் காரில் டிரைவர் பக்கத்துக் கால்மிதியைத் தூக்கியபோது தரைத்தகட்டில் இரண்டு இடங்களில் ரோடு தெரிந்தது. கதவின் கீழ்விளிம்பு பளபளப்பாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள், துருவை மறைக்கப் பட்டி (putty) பூசிய இடத்தில் ஒட்டாது. தகடு வெட்டி ஒட்டி, அடிப்பாகத்துக்குக் கோட்டிங் அடித்ததில் டிங்கரிங் செலவு 11,000 ரூபாய். ஏசி கண்டென்சர் அரித்து கேஸ் கசிந்ததற்கு 8,500.

மற்றவை எந்த ஊரிலும் வருபவைதான்: கிளட்ச் செட் 7,500, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் சஸ்பென்ஷன் பாகங்களான லோயர் ஆர்மும் லிங்க் ராடும் 6,800, நான்கு டயர் 14,000, பேட்டரி 4,200. இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் உங்கள் காரில் இருந்து, அதை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு உடனே மாற்றிவிடுங்கள். எனக்கு 4,200 ஆயிற்று. ஆக, பெட்ரோலும் இன்சூரன்ஸும் நீங்கலாக மூன்று ஆண்டுகளில் 77,500 ரூபாய். அந்தப் பணத்தையும் சேர்த்து முதலிலேயே நல்ல காராக வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கியிருக்கலாம், என் கையில் அன்று இருந்தது 1,10,000 மட்டுமே.

காகிதச் செலவையும் கணக்கில் வையுங்கள். 15 ஆண்டு முடிந்தால் காரை நசுக்கிவிடுவார்கள் என்று பயமுறுத்துவார்கள். அந்தத் தடை டெல்லி வட்டாரத்துக்கு உரியது. இங்கே வண்டியைக் காட்டி எஃப்சி (தகுதிச் சான்று) முடித்தால் ஐந்து ஆண்டுக்குப் பதிவு நீளும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. பசுமை வரி தனி. 1000 சிசிக்கு மேல் 1500 சிசிக்குள் என்றால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும், 2022 இல் வந்த விகிதப்படி, வரி நீங்கலாக 3,416 ரூபாய். நீங்கள் என்னைப் போலக் கடலூர்ப் பக்கம் இருப்பவரானால், பாண்டி நம்பர் வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருக்கும்போது தடையில்லாச் சான்று வாங்கித் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து, இங்கும் வரி கட்ட வேண்டும். 'யாரும் கேட்க மாட்டார்கள்' என்று புரோக்கர் சொல்வார். கடலூர் எல்லையில் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் நிறுத்திக் கேட்டால் பதில் சொல்லப்போவது அவர் அல்லர்.

என் மைத்துனர் என் காரைப் பார்த்து, "மாமா, இது கார் இல்ல, காயலான் கடைச் சரக்கு" என்றவர். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை மூழ்கடித்தபோது அவருடைய இரண்டு வயதுப் புதுக் காரும் மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் ஆர்வக் கோளாறில் ஸ்டார்ட் செய்தார். உள்ளே புகுந்திருந்த தண்ணீரில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்தது. இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி எடுக்காததால் அந்தச் செலவு அவர் தலையில் விழுந்தது. நான் சிரிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த வெள்ளத்தில் நின்ற வண்டிகளும் பாலிஷ் போட்டு விற்பனைக்கு வரக்கூடும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா என்று தடவுங்கள். பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது அதைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும். ஆகவே காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பே போங்கள். 'நீங்கள் வருவீர்கள் என்று இப்போதுதான் ஸ்டார்ட் செய்து வைத்தேன்' என்று விற்பவர் சொன்னால், மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.