ஸ்கைரிம் மோடுக்குப் புதிய கதாபாத்திரங்களையும் குவெஸ்ட்டுகளையும் எப்படி உருவாக்குவது?

ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டுக்கு மோட், அதாவது ரசிகர்கள் செய்து சேர்க்கும் கூடுதல் பகுதி, உருவாக்க உதவும் கிரியேஷன் கிட் மென்பொருளை நிறுவிவிட்டீர்கள், நம் பக்கத்து மனிதர்களைப் போன்ற ஆட்களை அந்த உலகத்தில் நடமாட விட ஆசை, எங்கே தொடங்குவது என்று புரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பாம்பனில் உட்கார்ந்து ஸ்கைரிமுக்கு மோட் செய்கிறவன் நான். என் பதில் இதுதான்: குவெஸ்ட்டிலிருந்து, அதாவது விளையாட்டுக்காரர் செய்து முடிக்க வேண்டிய பணியிலிருந்து, தொடங்காதீர்கள். ஓர் ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பிழைப்பு என்ன, யாரிடம் கடன், எந்தக் காற்று அடித்தால் வேலை நிற்கும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். குவெஸ்ட் அதற்குள்ளேயே கிடக்கும்.

எங்கள் ஊரிலிருந்தே சொல்கிறேன். பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் வடகடல், தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று விழுந்தால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக்காலத்தில் இது தலைகீழ். இங்கே யாருடைய நாளும் கடிகாரத்தை மட்டும் வைத்து ஓடுவதில்லை. தென்கடல் தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பாருங்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்து என்ற பாசியைப் பறிக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் போவார்கள். 21 தீவுகள் அடங்கிய அந்தப் பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அதனால் எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்ற கவலையும் கூடவே இருக்கிறது. இப்படி ஒருவருடைய வாழ்க்கையை எழுதிப் பார்த்தாலே, அவரிடம் பேச வரும் விளையாட்டுக்காரர் என்ன உதவி செய்ய முடியும் என்பது தெரிந்துவிடும்.

நான் செய்த முதல் கதாபாத்திரம் அப்படி வந்தவர்தான். ஸ்கைரிமின் வட கடற்கரையில் டான்ஸ்டார் என்ற துறைமுகம் இருக்கிறதே, அதற்குக் கிழக்கே ஒரு குடிசை போட்டு, பாசி எடுக்கும் ஒரு மூதாட்டியை அங்கே வைத்தேன். பெயரும் உடையும் நோர்ட் என்ற அந்நாட்டு இனத்துக்குரியவை. பிழைப்பு மட்டும் எங்கள் கரையுடையது. அந்த உலகத்துக்குள் சேலையையும் தமிழ்ப் பெயரையும் கொண்டுபோகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெளித்தோற்றத்தைவிட வேலையும் கவலையும்தான் ஓர் ஆளை நம்ப வைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

கிட்டுக்குள் இதைச் செய்யும் வழி: ஏற்கெனவே உள்ள ஒரு ஆக்டரை (கதாபாத்திரப் பதிவை) நகலெடுத்து, உங்கள் மோடுக்கென்று ஒரு முன்னொட்டு வைத்துப் புது ஐடி கொடுங்கள். இனம், குரல் வகை, ஃபாக்ஷன் (அவர் சேர்ந்த குழு) மூன்றையும் அவருடைய வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றுங்கள். அவர் ஒரே ஒருவர்தான் என்பதற்கு யூனிக் என்று குறியிடுங்கள். குவெஸ்ட் முடியும் முன் டிராகன் வந்து அவரைக் கொன்றுவிடாமல் இருக்க எசென்ஷியல் குறியும் தேவை. முகத்தைச் சரிசெய்த பிறகு ஆக்டர் பட்டியலில் அவரைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோலையும் எஃப்4-ஐயும் சேர்த்து அழுத்தி முகத் தரவை ஏற்றுமதி செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் உடம்பு ஒரு நிறமும் முகம் சாம்பல் நிறமுமாக நிற்பார். புதுக் குடிசையோ படகுத்துறையோ கட்டினால் நேவ்மெஷ் போட வேண்டும். அது இல்லாத தரையில் எந்த ஆளுக்கும் வழி தெரியாது.

அடுத்தது பேக்கேஜ், அதாவது ஓர் ஆள் எப்போது என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை. பல பேர் இதை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். கதாபாத்திரத்துக்கு உயிர் வருவதே இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். ஒரு ஆக்டருக்கு எத்தனை பேக்கேஜ் கொடுத்தாலும், விளையாட்டு மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, நேரமும் நிபந்தனையும் பொருந்தும் முதல் பேக்கேஜை ஓட்டும். ஆகவே வரிசை முக்கியம். என் மூதாட்டிக்கு எல்லாவற்றுக்கும் மேலே ‘பனி பெய்தால் வீட்டுக்குள் இரு’ என்ற பேக்கேஜ். அதற்குக் கீழே விடிகாலையில் கரைக்குப் போவது, நண்பகலில் பாசியை உலர்த்துவது, மாலையில் டான்ஸ்டாருக்கு நடப்பது, இரவில் தூங்குவது. பனி பெய்கிறதா என்று பார்க்க இஸ்ஸ்னோயிங் என்ற நிபந்தனையே இருக்கிறது. வானிலை கெட்ட நாளில் அவர் கரையில் இல்லை என்பதை ஒரு விளையாட்டுக்காரர் கவனித்துவிட்டால் போதும். அவர் ஒரு வசனம் பேசுவதற்கு முன்பே இந்தக் கரையில் காற்றும் பனியும் என்ன செய்யும் என்று காட்டிவிட்டீர்கள்.

இனி குவெஸ்ட். பத்து ஓநாயைக் கொன்று வா, குகையில் இருக்கும் மோதிரத்தை எடுத்து வா என்ற வகை அந்த விளையாட்டில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. கடற்கரை ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சிக்கலை நான் எடுத்துக்கொண்டேன்: முன்பணம். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் எடுத்த சரக்கை அவரிடமேதான் போட வேண்டும். அவர் போடும் எடைதான் எடை. மூதாட்டி பேசும் வசனத்தை முதலில் எங்கள் பேச்சிலேயே எழுதினேன்:

“தம்பி, அவரு எடைக்கல்லுல கொறயுது. கேட்டா, முன்பணத்த எடுத்து வச்சுட்டுப் பேசுன்னுவாரு. நா எங்க போவேன்?”

இதிலிருந்து மூன்று வழிகள் தாமாகவே பிரிந்தன. இரவில் போய் எடைக்கல்லை மாற்றி வைக்கலாம். முன்பணத்தை விளையாட்டுக்காரரே கட்டிவிடலாம். அல்லது சரக்கைச் சுமந்துகொண்டு சாலிட்யூட் என்ற இன்னொரு துறைமுக நகரம் வரை போய் வேறு ஆளிடம் விற்கலாம். வாளை உருவ வேண்டிய இடமே இல்லை. வியாபாரியையும் வெறும் கெட்டவனாக எழுதாதீர்கள். சாலிட்யூட் துறைமுகத்தில் அவருக்கு மேலே ஒரு கடன்காரர் இருக்கிறார் என்று அவர் வாயாலேயே ஒரு வரி சொல்ல வைத்தேன். எடையைக் குறைக்கிற கைக்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருந்தால், எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்று விளையாட்டுக்காரர் உண்மையிலேயே யோசிப்பார்.

குவெஸ்ட்டின் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய ஸ்டேஜ் எண்களை 10, 20, 30 என்று இடைவெளி விட்டுக் கொடுங்கள். நடுவில் ஒரு கட்டம் சேர்க்கத் தோன்றினால் 15 காலியாக இருக்கும். மூன்று வழிகளுக்கும் தனித்தனி எண் வைத்து, எல்லாம் வந்து சேரும் முடிவுக்கு 100 என்று வைக்கலாம். மூதாட்டி, வியாபாரி, தராசு எல்லாவற்றையும் ஏலியஸாக, அதாவது குவெஸ்ட் அவற்றை அடையாளம் காணும் பெயர்களாக, நிரப்புங்கள். ஸ்டேஜ் மாறும்போது ஓடும் பப்பைரஸ் (விளையாட்டின் நிரல்மொழி) துண்டுகளில் பெரிய நிரல் வேண்டியதில்லை. நோக்கத்தைக் காட்டு, நோக்கம் முடிந்தது, அடுத்த ஸ்டேஜுக்குப் போ என்ற மூன்று கட்டளைகளே ஒரு சின்னக் குவெஸ்ட்டைத் தாங்கும். ஒவ்வொரு வசனத்துக்கும் எந்த ஸ்டேஜில் வர வேண்டும் என்ற நிபந்தனையை மறக்காமல் போடுங்கள். விளையாட்டு தொடங்கும்போதே ஓடத் தொடங்கும் குவெஸ்ட்டில் வசனம் இருந்தால், அதற்கு எஸ்இக்யூ (.seq) என்ற கோப்பு ஒன்றையும் உருவாக்க வேண்டும். இல்லையென்றால் புது ஆள் பேசாமல் நிற்பார்.

குவெஸ்ட் முடிந்ததும் தங்கக் காசைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். ஒரு ஸ்டேஜ் முடிந்ததா என்று பார்க்கும் கெட்ஸ்டேஜ்டன் நிபந்தனையைப் பேக்கேஜிலும் பயன்படுத்தலாம். சாலிட்யூடில் விற்கும் வழியைத் தேர்ந்தெடுத்திருந்தால், அதற்குப் பிறகு மூதாட்டி மாலையில் டான்ஸ்டார் பக்கம் போவதே இல்லை. முன்பணத்தைக் கட்டியிருந்தால் போவார், ஆனால் தராசுக்கு எதிரில் நின்று தானே எடை பார்ப்பார். காசைவிட இந்த மாற்றம்தான் ஆட்டக்காரருக்கு நினைவிருக்கும்.

சோதிக்கும்போது ஒவ்வொரு முறையும் மோட் சேர்க்காத பழைய சேவ் (சேமித்து வைத்த ஆட்டம்) ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மோடுடன் சேமித்த சேவில் குவெஸ்ட்டின் முந்தைய நிலை பதிந்துவிடும். நீங்கள் திருத்தியது அங்கே தெரியாமல் போகும். விளையாட்டுக்குள் கட்டளை தட்டும் கன்சோலில் செட்ஸ்டேஜ் கட்டளை கொடுத்து நடுக்கட்டத்துக்குத் தாவியும் பார்க்கலாம்.

வசனம் பற்றி. ஒரு மறுமொழிக்கு சுமார் 150 எழுத்துக்குத்தான் இடம். அதுவே நல்லது. எங்கள் கரையில் யாரும் நீட்டி முழக்கிப் பேசுவதில்லை. விளையாட்டின் எழுத்துருக்களில் தமிழ் இல்லாததால் திரையில் வரும் எழுத்தை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறேன். ஆனால் குரல் தமிழில் இருக்கத் தடையில்லை. உங்கள் கதாபாத்திரத்துக்கென்று புதுக் குரல் வகை ஒன்றை உருவாக்கி, ஒவ்வொரு வரிக்கும் கிட் தரும் கோப்புப் பெயரிலேயே ஒலிப்பதிவைப் போட்டால் விளையாட்டு அதை ஒலிக்கும். குரல் பதிவு முடியும் வரை ஃபஸ் ரோ டோ மோடைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒலி இல்லாத வசனங்கள் வாசிப்பதற்குள் மறைந்துவிடாமல் அது நிறுத்தி வைக்கும்.

என் மூதாட்டிக்குக் குரல் கொடுத்தது எங்கள் தெருவில் இருக்கும் பெரியம்மா ஒருவர். நான் எழுதிய ‘கடல் மோசமாக இருக்கிறது’ என்ற வரியைக் கேட்டுவிட்டு, “கச்சான் விழுந்துருச்சு, இனி தென்கடல் ஆகாதுன்னு சொல்லுய்யா” என்று அவரே மாற்றிச் சொன்னார். அதுதான் மோடில் இருக்கிறது. நீங்களும் குரல் பதியும்போது, பேசுகிறவரிடம் இந்தப் பதிவு எங்கே போகும், யார் யார் இறக்கிக் கேட்பார்கள் என்று முதலிலேயே விளக்கிச் சம்மதம் வாங்குங்கள். பதிவேற்றும் பக்கத்தில் அவர் விரும்பும் பெயரில் நன்றி போடுங்கள். கடலோரப் பேச்சில் வசனம் எழுதத் தடுமாறினால் உங்கள் வரிகளை இங்கேயே கருத்தில் இடுங்கள், பெரியம்மாவிடம் படித்துக் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.