நீலம் மங்கும் குட்டை ஸ்ப்ரூஸ்

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் நட்ட எங்கள் குட்டை நீல ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் கீழ்க்கிளைகளில் ஊசியிலைகள் பழுத்து உதிர்கின்றன. பூச்சியாக இருக்குமோ என்று எண்ணெய் மருந்து தெளித்தேன். நீல நிறமும் மங்கிவிட்டது. என்ன செய்வது?
- வாசகி, டொராண்டோ

பதில்: ஊசியிலையின் மேல் படிந்திருக்கும் மெழுகுப் பூச்சே அந்த நீலச் சாயலைத் தருகிறது, எண்ணெய் பட்டால் மெழுகு கரைந்து பச்சை வெளிப்படும் என்பதால், அம்மருந்தை உடனே நிறுத்துங்கள். அடுத்த வசந்தத்தின் புதுத்தளிர்கள் நீலமாகவே வரும்.

உதிர்வுதான் உண்மையில் கவலைக்குரியது. அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா பகுதிகளின் மலைகளுக்குரிய இம்மரத்தின் குட்டை வகைகளையும், இலைகள் நெடுநேரம் ஈரமாகவே இருந்தால், ரைசோஸ்பேரா என்னும் பூஞ்சை தாக்கி, கீழ்க்கிளைகளின் உட்புற ஊசிகளை ஊதா கலந்த பழுப்பாக்கி உதிர்த்துவிடும். பெரும்பாலும் உங்கள் செடிக்கு நேர்ந்திருப்பதும் இதுவே. மாலையில் மேலிருந்து நீர் தெளிக்காமல், காலையில் வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். உதிர்ந்தவற்றை வாரி அகற்றுங்கள். நெருங்கி நிற்கும் செடிகளை விலக்கி, காற்றுக்கும் குறைந்தது 6 மணி நேர வெயிலுக்கும் வழிசெய்யுங்கள்.

முற்றிலும் காய்ந்த கிளைகளை வெட்டிவிடலாம். ஆனால் வடிவத்துக்காகக் கத்தரிக்கும்போது இலையற்ற பழைய பகுதிவரை வெட்டவே வேண்டாம். அங்கிருந்து மீண்டும் துளிர்ப்பது அரிது.