வாசகர் கேள்வி–பதில்: புயல் நேரத்தில் வாத்துகளும் கூஸ் வாத்துகளும்

கேள்வி: வாத்து தண்ணீரில் வாழும் பறவைதானே? புயல் வரும்போது குளத்திலேயே விட்டுவிட்டால் என்ன?

பதில்: வளர்ந்த வாத்துக்கு மழையால் ஒன்றும் ஆகாது. பறந்து வரும் தகரமும் முறிந்து விழும் கிளையும்தான் ஆளைக் கொல்வதுபோல் அதையும் கொல்லும். நீர்மட்டம் ஏறினால் நீரோட்டம் கூட்டத்தையே இழுத்துக்கொண்டு போய்விடும். காற்று வலுத்த பிறகு அவற்றை ஓட்டிவர முடியாது. வெளிச்சம் இருக்கும்போதே தீவனத்தைக் காட்டி உள்ளே அழைத்துவிடுங்கள். ஒரு வாத்துக்கு 4 சதுர அடி, கழுத்து நீண்ட பெரிய வாத்தினமான கூஸுக்கு 8 முதல் 10 சதுர அடி இடம் வேண்டும்.

கேள்வி: மரக்கால் நட்டு, தகரம் வேய்ந்த கொட்டகை. காற்றுக்குத் தாங்க என்ன செய்யலாம்?

பதில்: காற்று கூரையை அமுக்குவதில்லை, அடியில் புகுந்து தூக்குகிறது. அதனால் மேலே கல் வைப்பதை நம்ப வேண்டாம். அந்தக் கல்லே உருண்டு விழும். ஆணி அடித்த தகரம் ஆட ஆடப் பிடுங்கிக்கொள்ளும். ஆணிகளுக்குப் பதில் ரப்பர் வாஷர் வைத்த திருகாணிகளைப் போடுங்கள்.

அடுத்து, கூரையின் குறுக்கே இரண்டு இடத்தில் கயிறு. தகர விளிம்பு கயிற்றை அறுத்துவிடும், விளிம்பில் ஒரு மரச்சட்டத்தை வைத்து அதன்மேல் கொண்டுபோங்கள். இரு முனைகளையும் 2 அடி ஆழத்துக்கு அடித்த முளைகளில் கட்டவேண்டும். முளையின் தலை கொட்டகைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். நைலான் கயிறு நனைந்தால் தளரும். மழை தொடங்கியதும் ஒருமுறை இறுக்குங்கள், அல்லது லாரியில் சரக்கு கட்டும் பட்டையைப் பயன்படுத்துங்கள்.

பக்கவாட்டில் தார்ப்பாயைச் சுற்றி மூடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அது பாய்மரமாகி மரக்காலையே சாய்த்துவிடும். காற்று வீசும் பக்கத்தில் பலகை அடியுங்கள். எதிர்ப்பக்கம் கூரைக்குக் கீழே ஒரு சாண் திறப்பு இருக்கட்டும். வாத்தின் எச்சத்தில் ஈரம் அதிகம், அம்மோனியா சீக்கிரம் சேரும். உள்ளே குனிந்து, வாத்தின் தலை உயரத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள். கண் எரிந்தால் காற்று போதவில்லை.

கேள்வி: இடி இடித்ததும் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து மிதித்துக்கொள்கின்றனவே?

பதில்: இருட்டில் மிரண்டால் வாத்துக் கூட்டம் சுவரோரமாக ஓடி மூலையில் அடையும். பேட்டரியில் எரியும் மங்கலான விளக்கு ஒன்றை ஆடாமல் கட்டிவையுங்கள். விளக்கு ஆடினால் நிழலும் ஆடும், அதற்கும் மிரளும். மூலைகளில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வளைவாக்குங்கள். கூஸை நடுவில் கம்பிவலை கட்டிப் பிரித்துவிடவேண்டும். பிடிக்க நேர்ந்தால் காலைப் பிடிக்காதீர்கள், கால் எளிதில் ஊனமாகும். இறக்கைகளை உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள்.

இரவுக்குத் தீவனம் வைத்தால் தண்ணீரும் வைத்தாகவேண்டும். தண்ணீரில்லாமல் உலர்தீவனம் தொண்டையில் அடைக்கும். வளர்ந்த பறவை இரண்டும் இல்லாமல் ஓர் இரவைக் கழித்துவிடும். குஞ்சுகளுக்கு இது பொருந்தாது.

கேள்வி: வெள்ளம் உள்ளே வந்தால் பூட்டி வைப்பதா, திறந்துவிடுவதா?

பதில்: வெள்ளம் வரக்கூடிய இடமென்றால் முன்னதாகவே மேட்டுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் திறந்துவிடுங்கள். மேலே வலை போட்ட கூண்டில் நீர் ஏறினால் நீந்தத் தெரிந்த பறவையும் மூழ்கிச் சாகும்.

கேள்வி: இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுகள் நனைந்துவிட்டன.

பதில்: தாயில்லாக் குஞ்சின் தூவியில் எண்ணெய்ப்பூச்சு இருக்காது, நனைந்தால் குளிரில் விறைக்கும். துணியால் ஒற்றி, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். முதல் வாரம் 32 டிகிரி செல்சியஸ் தேவை. கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குஞ்சு விலகிப்போக இடம் வேண்டும்.

கேள்வி: புயல் ஓய்ந்த சில நாளில் ஒரு வாத்துக்குக் கழுத்து தொங்கிவிட்டது. ஏன்?

பதில்: பொட்டுலிசமாக இருக்கலாம், அதாவது பாக்டீரியா நஞ்சால் தசைகள் செயலிழக்கும் நோய். தேங்கிய நீரில் அழுகும் செத்த பிராணிகளிலும் அவற்றின் புழுக்களிலும் அந்த நஞ்சு இருக்கும். நோயுற்றதை நிழலில் தனியே வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றவற்றை அந்தத் தண்ணீருக்கு விடாமல், செத்தவற்றை எடுத்துப் புதையுங்கள். நனைந்து பூஞ்சை பிடித்த தீவனத்தைக் காயவைத்துப் போடவே கூடாது. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு காய்ந்தாலும் போகாது. அதைக் கோழி தாங்கும் அளவுக்கு வாத்து தாங்காது.

கேள்வி: முட்டை நின்றுவிட்டதே?

பதில்: மிரட்சியும் நேரம் தவறிய தீனியும் காரணம். பழைய நேரப்படி தீனி போட்டால் ஓரிரு வாரத்தில் இடத் தொடங்கும். இறகு உதிர்க்கத் தொடங்கியிருந்தால் இன்னும் சில வாரம் பிடிக்கும்.