பாட்டி சொல்வதா, அட்டை சொல்வதா?

வணக்கம் சார்,

நான் பந்தலூர் பக்கம் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில் வளர்ந்தவள். தாத்தாவும் பாட்டியும் சிலோனிலிருந்து வந்தவர்கள். கொஞ்ச நாளாக எங்கள் லைனில் இருக்கும் பெரியவர்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்து வருகிறேன். கப்பலில் வரும்போது அப்பா ஆறு மாதக் கைக்குழந்தை என்கிறார் பாட்டி. சிலோனிலிருந்து வருகிறவர்களுக்கு அப்போது கொடுத்த குடும்ப அட்டையிலோ அப்பாவுக்கு மூன்று வயது. பாட்டி சொல்லும் தோட்டத்தின் பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும்கூட வேறு வேறு. "கிழவிங்க கதையை விட்டுட்டு பேப்பரைச் சேர்த்து வை" என்கிறார் மாமா. நான் எதை நம்புவது? சேர்த்ததை எங்கே வைப்பது?

ச., பந்தலூர்

அன்புள்ள ச.,

மாமா சொல்வதில் பாதி சரி. பேப்பரைக் கட்டாயம் சேருங்கள். ஆனால் அதைப் பாட்டி முன்னால் விரித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பாட்டியின் பேச்சைத் தனியாகப் பதிவு செய்திருக்கிறீர்கள், அட்டையைத் தனியாகப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்காமல் எதை நம்புவது என்று முடிவுகட்ட என்ன அவசரம்?

முதலில் வயது. 1964 அக்டோபர் 30ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974ல் பாதிப்பாதியாகப் பங்கு போட்டார்கள் (ஆட்களைக் கேட்காமலேயே, அதைத் தனியாக எழுத வேண்டும்). இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்ட வருஷம், அது கிடைத்த வருஷம், கப்பல் ஏறிய வருஷம் மூன்றும் ஒன்றல்ல, நடுவில் பல வருஷம் ஓடியிருக்கும். அதற்குள் பிள்ளைகள் பிறந்திருப்பார்கள், இறந்தும் இருப்பார்கள். அட்டையில் வயதை எழுதியவர் ஒரு குமாஸ்தா. பிறப்புச் சான்று இல்லாவிட்டால் ஆளைப் பார்த்தோ சொல்வதைக் கேட்டோ ஒரு எண்ணைப் போட்டிருப்பார்.

அதனால் "அட்டையில மூணு வயசுன்னு இருக்கே பாட்டி" என்று மடக்காதீர்கள். கோச்சி (ரயில்) ஏறினதிலிருந்து ஆரம்பியுங்கள். யார் வழியனுப்ப வந்தார்கள், என்னென்ன மூட்டை, கப்பல் ஏறும் தலைமன்னாரில் எத்தனை நாள் இருந்தார்கள், ராமானுஜம் கப்பலில் யார் கையில் யார் இருந்தார்கள் என்று வரிசையாகக் கேளுங்கள். அந்த ஆறு மாதக் குழந்தை உங்கள் அப்பாவாக இல்லாமலும் இருக்கலாம். அட்டை எழுதிய பிறகு பிறந்து, இந்தியக் கரையில் இறங்கியதும் தங்கிய மண்டபம் முகாமிலோ இங்கே வந்த முதல் மழையிலோ தவறிப்போன இன்னொரு பிள்ளையாக இருக்கலாம். அப்படி ஒரு பிள்ளை இருந்திருந்தால் அதற்குப் பாட்டியைத் தவிர வேறு பதிவேடு கிடையாது. இல்லை, குமாஸ்தாதான் தப்பாக எழுதினார் என்றும் தெரியவரலாம். எப்படியானாலும் பாட்டி சொன்னதைச் சொன்னபடியும் அட்டையில் இருப்பதை இருக்கிறபடியும் குறித்துவையுங்கள், ஒன்றைத் திருத்தி இன்னொன்றோடு பொருத்த வேண்டாம்.

வருஷம் கேட்டால் பெரியவர்களுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் 1973-74 பஞ்சத்துக்கு முன்னாலா பின்னாலா, அரசாங்கம் தோட்டங்களை எடுத்தபோது அங்கே இருந்தீர்களா (அது 1972லிருந்து 1975க்குள்), 77 கலவரம் நடந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் பட்டென்று பதில் வரும். 1984ல் கப்பலே நின்றுவிட்டது, ஆகவே அதற்கு முன்னால்தான். இப்படி இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டே போனால் வருஷம் தானாக வந்து நிற்கும்.

தோட்டப் பெயர் விஷயத்தில் பாட்டி சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு தோட்டத்துக்கும் துரைமார் வைத்த இங்கிலீஷ் பெயர் ஒன்று, நம் ஆட்கள் புழங்கிய பெயர் ஒன்று. கொழும்பில் அச்சான பழைய பெர்குசன் டைரக்டரிகளில் இந்தத் தமிழ்ப் பெயர்களையும் பட்டியல் போட்டிருப்பார்கள். அதில் தேடுங்கள்.

அரசுக் காகிதங்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பாட்டியின் பெயரைத் தேடிக்கொண்டு போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். மறுவாழ்வு பற்றிய அரசாணைகள், 1968ல் வனத்துறை இங்கே தேயிலை நடத் தொடங்கிய திட்டம், இந்த மாதிரித் தேட வேண்டும். அந்த ஃபைல்களில் நம் ஆட்கள் 'குடும்பங்கள்' என்ற எண்ணிக்கையாக மட்டும்தான் வருவார்கள். குடியிருப்பு எப்போது கட்டினார்கள் என்று அங்கே கிடைக்கலாம், கட்டுவதற்கு முன்னால் எங்கே படுத்தார்கள் என்பதை லைனில்தான் கேட்க வேண்டும். இலங்கையில் வந்த பழைய தமிழ்ப் பத்திரிகை, துண்டுப் பிரசுரங்களுக்கு 'நூலகம்' என்ற பெயரில் இருக்கும் இணையதளத்தைப் பாருங்கள், 2005லிருந்து ஸ்கேன் செய்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜமீன் மாதிரியான ஜென்ம நிலங்களை ஒழிக்க வந்த 1969 சட்டத்திலிருந்து நிலப் பிரச்சினை இழுத்துக்கொண்டே இருக்கிறது. நோட்டும் போனுமாக ஒருவர் வந்து பழைய பேப்பர் கேட்டால், பட்டாவுக்கோ வீட்டுக்கோ என்று நினைக்கத்தான் செய்வார்கள். இதனால் எதுவும் கிடைக்காது என்பதை ரெக்கார்டிங் ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அசல் எதையும் வாங்கி வராதீர்கள். அங்கேயே வெளிச்சத்தில் வைத்து, பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள். முத்திரைகளும் கையால் கிறுக்கிய குறிப்புகளும் பின்னால்தான் இருக்கும். வெளியில் போட வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் பகுதியைத் தனியாக வையுங்கள்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் யார், எந்த லைன், என்ன தேதி என்று உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபைலுக்கும் அதே பெயர். வாட்ஸப்பில் அனுப்பினால் மட்டும் சேமித்ததாக ஆகாது; லேப்டாப்பில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் யாரிடமாவது ஒன்று வையுங்கள். பிரதிகளை அந்த 'நூலகம்' இணையதளம் மாதிரியான இடத்துக்குக் கொடுப்பதை அப்புறம் பார்க்கலாம், சொன்னவர்கள் சம்மதம் இருந்தால்.

யாரிடமிருந்து ஆரம்பிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வயதில் மூத்தவர் யார் என்று பார்க்காதீர்கள். ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பித் தருவதென்று 2022ல் அரசு முடிவெடுத்த பிறகு அந்தப் பேச்சு இன்னும் பலமாகியிருக்கிறது. வீடு மாறும்போது தகரப் பெட்டியைத் திறந்து, எதற்கு இந்தக் குப்பை என்று பிள்ளைகள் அடுப்பில் போடுவது பழைய பாஸ்போர்ட்டும் சிலோனிலிருந்து வந்த கடிதங்களும்தான். உங்கள் டிவிஷனில் அடுத்து ரிட்டையர் ஆகப்போவது யார் என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்டு, அந்த வீட்டுக்கு முதலில் போங்கள். உங்கள் பாட்டி பேத்தி வீட்டில்தானே இருக்கிறார், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.