பூச்சியைக் காப்பாற்றினால் சோறு வருமா?

போன இதழில் "பல்லுயிர் வளம் காத்தால் வறுமையும் குறையும்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். விடுவீர்களா! இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான், அதிலும் பாதி திட்டு. திட்டியவர்களுக்கே முதல் மரியாதை.

கேள்வி (விருதுநகரிலிருந்து ஓர் ஆசிரியர்): சாப்பாட்டுக்கே வழியில்லாதவனிடம் போய் பாம்பைக் காப்பாற்று, பூச்சியைக் காப்பாற்று என்பது வயிறு நிறைந்தவர்கள் பேச்சு இல்லையா?

பதில்: பாம்பு என்று நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்து இருளர்கள் ஒரு காலத்தில் பாம்பு பிடித்துத் தோலை விற்றுப் பிழைத்தவர்கள். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, கொஞ்ச வருஷத்தில் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. பாம்புக்கு நல்லது நடந்துவிட்டது, பிடித்தவர் வீட்டில் அடுப்பு அணைந்துவிட்டது. செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு கொத்தடிமையாகப் போன இருளர் குடும்பங்களின் கதையைக் கேட்டால், இது வயிறு நிறைந்தவர் பேச்சு என்று நீங்கள் சொல்வது சரிதான் என்று நானே சொல்லிவிடுவேன்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்குள் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு வகையைப் பிடித்து வருவார்கள். பானையில் சில வாரம் வைத்து விஷம் எடுப்பார்கள், வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வைத்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அதே கை, அதே பாம்பு, அதே வித்தைதான். முன்பு பாம்பு செத்தால் காசு, இப்போது அது உயிரோடு இருந்தால்தான் காசு. நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி பல வருஷமாக இங்கிருந்துதான் போயிருக்கிறது.

அந்த மருந்து யாருக்கு? இந்தியாவில் பாம்புக்கடியால் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் சாகிறார்கள் என்று 2000 முதல் 2019 வரையிலான சாவுகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பாலும் கிராமத்து மக்கள், விடிகாலையில் வரப்பில் வெறுங்காலோடு நடப்பவர்கள், ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள். பாம்பு பிடித்தவரும் ஏழை, கடிபட்டுப் பிழைத்தவரும் ஏழை. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற நேரான பதில் இதுதான்.

சங்கத்தில் இருப்பவர்கள் சில நூறு பேர்தான், இருளர் எல்லோருக்கும் விடிந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். சாதிச் சான்றிதழுக்கே இன்னும் நடையாய் நடப்பவர்கள் இருக்கிறார்கள். பாம்பு பிடிக்கிற இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023ல் பத்மஸ்ரீ கொடுத்தபோது நாம் கைதட்டினோம். அவர்கள் பாம்பு தேடுகிற புதரையும் புற்றையும் ஏரிக்கரையையும் மறுபக்கம் மனை போட்டு விற்றுக்கொண்டிருக்கிறோம். புதர் போனால் எலி போகும், எலி போனால் பாம்பு போகும், அப்புறம் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன பிடிப்பது?

கேள்வி (சத்தியமங்கலம், கல்லூரி மாணவி): புலிக்காகக் காட்டில் இருப்பவர்களை வெளியேறச் சொல்கிறார்களே, இதுவும் பாதுகாப்பா?

பதில்: உங்கள் ஊரிலிருந்து மலை தாண்டினால் கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலை. அங்கே சோலிகர் என்ற பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாகத் தேனும் நெல்லிக்காயும் எடுத்து வந்தார்கள், கோடைக்கு முன்னால் தரையோடு தரையாகச் சின்னத் தீ வைப்பதும் அவர்கள் வழக்கம். 1974ல் சரணாலயம் ஆனது, தீ வைக்காதே என்றார்கள். கொஞ்ச காலத்தில் காட்டுக்குள் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிவிட்டது, மானுக்குப் புல்லில்லை. நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறிக்கொண்டது. சின்னத் தீ இருந்த காலத்தில் இதெல்லாம் கட்டுக்குள் இருந்தது என்று சோலிகப் பெரியவர்கள் சொன்னார்கள், ரொம்ப நாள் யாரும் காதில் வாங்கவில்லை. பிறகு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து, இவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது என்று எழுதினார்கள். (படித்தவன் எழுதினால்தான் அது அறிவு, நம் ஊர் வழக்கம்.)

இதில் இன்னொரு கூத்து. விற்பதற்காகக் காட்டுப்பொருள் எடுப்பதையும் 2000களின் நடுவில் தடுத்துவிட்டார்கள். தேனும் நெல்லிக்காயும்தான் கையில் ரொக்கம் பார்க்கிற முக்கிய வழி, அதை அடைத்தால் காபித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகாமல் என்ன செய்வார்கள்? 2006ன் வன உரிமைச் சட்டத்தை வைத்துப் போராடி 2011ல் சமூக வன உரிமை, அதாவது காட்டுப்பொருள் எடுக்க ஊருக்கே பொதுவான உரிமை, வாங்கினார்கள். புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படிக் கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. புலி ஒன்றும் ஓடிப்போய்விடவில்லை. ஆகவே, உங்கள் கேள்விக்குப் பதில்: வெளியேற்றுவது காட்டைக் காப்பது ஆகாது. பல இடங்களில் காட்டைத் தெரிந்தவரை அனுப்பிவிட்டுத் தெரியாதவரிடம் சாவியைக் கொடுப்பதாகத்தான் முடிகிறது.

கேள்வி (ஈரோடு): கழுகு அழிந்தது என்று அழுகிறீர்கள். பிணம் தின்னும் பறவை போனால் ஏழைக்கு என்ன நஷ்டம்?

பதில்: உயிர். மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, 1990களில் தொடங்கி அவற்றில் சில வகைகளை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்ற கணக்கில் அழித்தது. 2006ல்தான் கால்நடைக்கு அந்த மருந்து தடையானது. அதற்குள் செத்த மாடு கிடந்து அழுகியது, தண்ணீர் கெட்டது, தெருநாய் பெருகியது. கழுகு இருந்த மாவட்டங்களையும் இல்லாதவற்றையும் ஒப்பிட்டு 2024ல் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு கணக்கு போட்டார்கள்: 2000 முதல் 2005க்குள் கூடுதலாக ஐந்து லட்சம் மனிதச் சாவு. கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவர் வீட்டுச் சாவாக இருக்காது அது. நம் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சம் கொஞ்சம் கழுகுகள் இருக்கின்றன, அந்தப் பக்கம் போனால் அண்ணாந்து பாருங்கள்.

கேள்வி (ராமேஸ்வரம் பக்கம், மகளிர் குழுத் தலைவி): அண்ணா, நாங்கள் கடல் பாசி எடுப்பவர்கள். தீவுப் பக்கம் போனால் பிடிக்கிறார்கள். பாசி வளர்ப்புக்கு வா, மானியம் தருகிறோம் என்கிறார்கள். எது நல்லது?

பதில்: அம்மா, கடலில் மூழ்கிப் பாசி பறிக்கிற உங்களுக்கு மேசையில் உட்கார்ந்து எழுதுகிற நான் யோசனை சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986ல் தேசியப் பூங்காவானது உங்களைக் கேட்டு நடக்கவில்லை. ஆனால் உங்கள் பக்கத்துப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்போம், பவளப்பாறையைக் கீறுகிற இரும்புக் கருவி வேண்டாம் என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015ல் அமெரிக்காவில் சீகாலஜி பரிசு கிடைத்தது இதற்காகத்தான். விரலில் துணி சுற்றிக்கொண்டு, அலுமினியத் தட்டை வெட்டிக் காலில் கட்டித் துடுப்பாக்கிக்கொண்டு இறங்குகிற பெண்களுக்கு, மரிக்கொழுந்துப் பாசி எங்கே திரும்ப முளைக்கும், எங்கே முளைக்காது என்று தெரியாமலா இருக்கும்? அந்தக் கட்டுப்பாட்டைக் காகிதத்தில் எழுதிக் கேளுங்கள், பேச்சுவார்த்தைக்குப் போகும்போது உங்கள் பலம் அதுதான்.

வளர்ப்பு பற்றி: மூங்கில் மிதவையில் கட்டினால் 45 நாளில் அறுவடை, கையில் காசு, உண்மைதான். ஆனால் அதிகம் வளர்க்கப்படுகிற கப்பாஃபைகஸ் நம் கடல் பாசி இல்லை, வெளியிலிருந்து வந்தது. குருசடைத் தீவுப் பக்கம் அது தப்பிப்போய்ப் பவளத்தின் மேல் போர்வை மாதிரி படர்ந்ததை 2008லேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். பவளம் மூச்சு முட்டினால் மீன் குஞ்சுக்கு இடமில்லை, அடி விழுவது கரை ஓரம் வலை போடுகிற உங்கள் வீட்டு ஆண்களுக்குத்தான். கடல் ரொம்பச் சூடான வருஷத்தில் அந்தப் பாசி மொத்தமாகச் செத்து, கடன் வாங்கிக் கட்டியவர்கள் கையைப் பிசைந்ததும் நடந்திருக்கிறது. முழுக்க அதை நம்பி இறங்காதீர்கள். பாறை இல்லாத இடத்தில் கொஞ்சம் மிதவை போடுங்கள், பறிக்கிற உரிமையை மட்டும் கைவிடாதீர்கள். மானியம் தருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பாசி செத்தால் கடனை யார் கட்டுவது?

கேள்வி (திண்டுக்கல், ஊராட்சி வார்டு உறுப்பினர்): எங்கள் ஊரில் என்னால் செய்ய முடிந்தது ஏதாவது உண்டா?

பதில்: 2002ன் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி உங்கள் ஊராட்சியில் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒன்றும் இருக்க வேண்டும். ஊரில் என்ன மூலிகை, என்ன மீன், என்ன நாட்டு விதை, யாருக்கு அதைப் பற்றித் தெரியும் என்பதெல்லாம் அதில் வரவேண்டும். வெளியாள் வந்து உங்கள் மலையிலிருந்து எதையாவது எடுத்து வியாபாரம் செய்தால் அதில் பங்கு கேட்பதற்கு அதுதான் ஆதாரம். நான் ஓர் ஊராட்சியில் கேட்டபோது பீரோ மேலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். புரட்டினால், பக்கத்து ஊர்ப் பதிவேட்டை அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள். ஊரில் ஆறே கிடையாது, பதிவேட்டில் பதினான்கு வகை ஆற்று மீன்! உங்கள் ஊர்ப் பதிவேட்டை அடுத்த கிராமசபையில் ஆடு மேய்க்கிற பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்க, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே சிரிக்கிறார் என்று குறித்துக்கொண்டால் போதும், திருத்தத்தை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.