டிராயிங் வகுப்பில் 'கற்றல் பாணி' பார்த்துப் பிரிக்கலாமா?

கேள்வி: பாலிடெக்னிக்கில் முதலாமாண்டுக்கு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் எடுக்கிறேன். சிலருக்குப் போர்டில் போட்டாலே போதும். சிலருக்கு மர மாடலைக் கையில் கொடுத்தால்தான் புரிகிறது. பார்த்தா, கேட்டா, செய்தா, யார் எப்படிக் கற்பார் என்று வகை பிரிக்கும் கற்றல் பாணி வினாத்தாள் கொடுத்து, பிள்ளைகளைப் பிரித்து நடத்தலாமா?

பதில்: வேண்டாம். ஹரோல்ட் பாஷ்லரும் சக உளவியலாளர்களும் 2008-ல் கற்றல் பாணி பற்றிய ஆய்வுகளை அலசினார்கள். அவரவர் பாணிக்கு ஏற்ப நடத்தினால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. தவிர, 'நான் கேட்டுப் படிக்கிறவன்' என்று டிக் அடித்தவனுக்கு எலிவேஷனை (முன்பக்கத் தோற்றத்தை) வாயாலா சொல்லிக்கொடுப்பீர்கள்?

ஆனால் நீங்கள் பார்க்கும் வித்தியாசம் நிஜம். பொருளை மனதுக்குள் திருப்பிப் பார்க்கும் திறன் எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை; பழகினால் வளரும். அமெரிக்காவின் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஷெரில் சோர்பி 1993-லிருந்தே இதில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடத்தினார். கட்டைகளை அடுக்கிப் பார்த்து, கையால் ஸ்கெட்ச் போடுவது அதில் முக்கியப் பயிற்சி. அந்த வகுப்பில் படித்தவர்கள் கிராஃபிக்ஸ் பாடத்தில் முன்னேறினார்கள்.

அதனால் மாடலை எல்லோருக்கும் கொடுங்கள். பெரிய ரப்பர் ஒன்றில் ஒரு மூலையைப் படிபோல வெட்டச் சொல்லுங்கள். கெட்டி அட்டை நோட்டை 'எல்' வடிவில் விரித்து, ஒரு பக்கத்தைச் சுவரில் சாய்த்து, மறுபக்கத்தை மேசையில் கிடத்தி, ரப்பரை நடுவில் வைக்கட்டும். முன்னாலிருந்து தெரிவதைச் சுவர்ப் பக்கத்திலும், மேலிருந்து தெரிவதை மேசைப் பக்கத்திலும் வரையட்டும். ரப்பரை எடுத்துவிட்டு நோட்டைத் தட்டையாக விரித்தால் மேலே எலிவேஷன், கீழே பிளான் (மேலிருந்து தெரியும் தோற்றம்). பொருளுக்குப் பின்னாலும் கீழேயும் உள்ள தளங்களில் இப்படி வரைவதுதான் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. அதில் பிளான் கீழே வரும் என்று வெறுமனே மனப்பாடம் செய்த பையன்கூட, ஏன் என்று புரிந்து அப்போதுதான் 'அட!' என்பான். வலப்பக்கம் ஓர் அட்டையை நிறுத்தினால், இடப்பக்கத் தோற்றம் ஏன் வலப்பக்கம் போகிறது என்பதும் விளங்கும்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்த வகுப்பில் மாடலைக் காட்டி, ஒரு நிமிடத்தில் பைக்குள் போட்டுவிடுங்கள், நினைவிலிருந்து வரையட்டும். முடித்ததும் எடுத்துச் சரிபார்க்கலாம். மறைகோடு (கண்ணுக்கு மறைந்த விளிம்பைக் காட்டும் விட்டுவிட்டுப் போடும் கோடு) விட்டுப்போனது அவர்களுக்கே தெரியும். போர்டிலேயே பிடித்துக்கொள்ளும் கெட்டிக்காரர்களில் சிலர் இங்கே தடுமாறுவார்கள். அவர்கள் போர்டைப் பார்த்து வரைந்தவர்கள், அவ்வளவுதான்.

கணினியில் வரைய உதவும் ஆட்டோகேட் மென்பொருளில் மாடலைச் சுழற்றிக் காட்டுவது அதற்குப் பிறகு போதும். முதலிலேயே காட்டினால், திருப்பிப் பார்க்கும் வேலையை மவுஸ் செய்துவிடும்.